பென்ஸை விற்கிற கதை வேண்டாம் மகள்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது,

நாங்கள் இரண்டு பேரும் நல்ல சுகம். அம்மாவுக்குச் சுகர் இப்போது மட்டாக இருக்கிறது. மருமகனையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லு.

பழைய பென்ஸை விற்றுவிட்டுச் சின்ன யப்பான் கார் ஒன்று வாங்கச் சொல்லிப் போனில் நீ சொன்ன விசயத்துக்கு எழுத்தில் பதில் தாறன் என்று சொன்னேன். வாயால் சொன்னால் நீயும் அம்மாவும் சேர்ந்து என்னை மடக்கிப்போடுவீர்கள். பென்ஸை விற்க மாட்டேன் மகள். கோபிக்காமல் கடைசி வரை வாசி, கடைசியில் உன்னிடம் ஒரு அலுவலும் கிடக்கு.

முதலில் காசுக் கணக்கு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிப்பாட்டினார்கள். சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள், அதுவும் வரிக்கு மேல் வரி போட்டு. நீ சொல்லுகிற சின்ன யப்பான் கார், அதுவும் பத்துப் பன்னிரண்டு வருசம் ஓடின கார், இங்கே என்ன விலை போகிறது என்று மருமகனை ஒருக்கால் இணையத்தில் பார்க்கச் சொல்லு. நம்மட 1991 ஆம் ஆண்டு 250டி டீசல் பென்ஸுக்கு ஒருவரும் அந்தக் காசு தரமாட்டார்கள். வாங்க வருகிறவர் பொனட்டைத் தூக்கிப் பார்ப்பார், ஏசியைப் போடச் சொல்லுவார், மறுகா வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று போவார். மிச்சம் முழுக்க உங்கட தலையில்தான் விழும். அந்தக் காசைப் பிள்ளைகளின் பேரில் போடு.

அடுத்தது, இந்தக் காருக்கு என்னென்ன வருத்தம் என்று எனக்குத் தெரியும். மற்றவர் ஓட்டிக் கழித்த காருக்குள் என்ன கிடக்கு என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கக் கோயிலுக்குப் போயிருந்தோம். குளத்தடியில் கால் வைக்க இடமில்லாத சனம். காரை ஒதுக்கி விட்டு, திறப்பை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டு இறங்கினால், எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டு நிற்கிறது. கச்சான் விற்கிற பொடியன் ஒருவன், “ஐயா, கார் ஓடுது, கார் ஓடுது” என்று பின்னால் ஓடிவந்தான். அம்மாவுக்கு வெட்கம். நான் அர்ச்சனைத் தட்டை அவவின் கையில் குடுத்துவிட்டுப் பொனட்டைத் திறந்து, உள்ளே சிவப்பில் ‘ஸ்டொப்’ என்று எழுதின சின்ன நெம்பை அமத்தினேன். அடங்கிவிட்டது. சுற்றி நின்றவர்கள் நான் ஏதோ வித்தை காட்டினது மாதிரிப் பார்த்தார்கள்.

அது பேயுமில்லை, பிசாசுமில்லை. டீசல் எஞ்சினில் பெற்றோல் காரைப் போல பொறி இல்லை. டீசலை மறித்தால்தான் நிற்கும். நிப்பாட்டத் திறப்பைத் திருப்பும்போது, எஞ்சினில் உள்ள வெற்றிடப் பம்பின் உறிஞ்சல் ஒரு மெல்லிய குழாய் வழியாகப் போய் டீசல் பம்பை மூடும். அந்தக் குழாய் பொருத்துகிற றப்பர் முழங்கை வெடித்தால், உறிஞ்சல் போய்ச் சேராது, எஞ்சின் நிற்காது. முப்பது வருசத்துக்கு மேல் சூட்டில் கிடந்த றப்பர், வெடிக்காமல் என்ன செய்யும்?

காத்தான்குடி மெக்கானிக் நானாவிடம் கொண்டுபோனேன். அவர் மெசின் ஒன்றும் எடுக்கவில்லை. ஒவ்வொரு குழாயாகக் கழற்றி, வாயில் வைத்து உறிஞ்சி, நுனியை நாக்கில் ஒட்டிப் பார்த்தார். ஒட்டிக்கொண்டு நின்றால் குழாய் நல்லது, விழுந்தால் ஓட்டை. மூன்றாவதோ நாலாவதோ நாக்கிலிருந்து பொத்தென்று விழுந்தது. பார்த்தால் முழங்கையின் மடிப்பில் மயிரிழையளவு வெடிப்பு. புது முழங்கை மட்டக்களப்பில் இல்லை, கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலும் அந்த நேரம் கிடைக்கவில்லை. நானா சைக்கிள் வால்வுக்குப் போடுகிற றப்பர் ரியூபில் ஒரு துண்டு வெட்டிக் கொழுவிவிட்டார். இன்றைக்கும் அதில்தான் கார் நிற்கிறது. காசு வேண்டாம் என்றுவிட்டார்; வற்புறுத்தி டீக்குக் குடுத்தேன்.

அந்த உறிஞ்சலில்தான் பிறேக் உதவியும் வேலை செய்கிறது என்பதால் ஒவ்வொரு காலையும் நான் ஒரு சோதனை செய்கிறேன். எஞ்சின் ஓடாத நேரம் பிறேக்கை நாலைந்து தரம் மிதித்தால் இறுகும். கால் எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணினால் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் கார் வெளிக்கிடாது, நான் பஸ்ஸில் போவேன். இதை அம்மாவுக்கும் காட்டிக் குடுத்திருக்கிறேன், கேட்டுப் பார்.

கடற்காற்று நம்மட ஊரில் யாரை விட்டது? ஜன்னல் கொளுக்கியைத் தின்கிற உப்பு காரை விடுமா. இந்தக் காரின் ஃபியூஸ்கள் இப்போதைய தட்டை வகை இல்லை. பீங்கான் குச்சியில் உலோகத் தகடு பதித்த பழைய வகை, இரண்டு முனையும் கூர். அந்த முனையில் வெள்ளைப் பூ பூத்துவிட்டால் ஹோன் அடிக்காது, அல்லது வைப்பர் பாதியில் நிற்கும். இந்தக் காருக்கு வைப்பரும் ஒன்றுதான், கண்ணாடியின் மூலை வரை நீண்டு துடைத்துவிட்டு உள்ளுக்கு இழுக்கிற சாதி. மார்கழி மழையில் அது நின்றால் பாதை தெரியாது. பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக விரலால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் போதும், எல்லாம் உயிர் பெறும். நான் மழைக்கு முன்னம் ஒருதரம் எல்லாவற்றையும் சுற்றிவிடுவேன். இதுக்குக் கராஜுக்குப் போனவர்களிடம் வயரிங் முழுக்க மாற்ற வேண்டுமென்று காசு கறந்த கதையும் கேள்விப்பட்டிருக்கிறேன். பென்ஸ் என்றால் சில இடங்களில் வாய் திறக்கிற கூலியே தனி.

கிலோமீற்றர் காட்டுகிற முள்ளுக்கு ஒன்றும் இல்லை, வேகம் சரியாகக் காட்டும். ஓடின தூரம் எண்ணுகிற சக்கரம்தான் எப்போதோ நின்றுவிட்டது. இந்த வீட்டில் வயசு கூடாமல் நிற்கிற ஒரே ஆள் அதுதான் என்று அம்மா சொல்லுவா. ஒயில் மாற்றுகிற நாளை நான் கொப்பியில் எழுதி வைக்கிறேன்.

ஏசி வேலை செய்யவில்லை என்று அம்மா உன்னிடம் முறைப்பாடு சொன்னது உண்மைதான். குளிராக்குகிற கூடு டாஷ்போட்டுக்குப் பின்னால் ஆழத்தில் கிடக்கு, அதிலே பொட்டு விழுந்து வாயு போகிறது. கூட்டின் விலை பெரிய விலை இல்லை. ஆனால் அதை எடுக்க ஸ்டியரிங்கிலிருந்து டாஷ்போட் வரை முழுக்கக் கழற்ற வேண்டும், இந்த வயசில் அந்தப் பிளாஸ்ரிக்கெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கும். ஒரு வருத்தத்தைத் திருத்தப்போய்ப் பத்தை வாங்கிக்கொள்ள நான் தயாரில்லை. கச்சான் காற்று வீசுகிற மாசங்களில் கண்ணாடியை இறக்கினால் நெருப்புத்தான் வரும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். அந்த நாட்களில் காலை ஒன்பது மணிக்கு முன்னம் அலுவல் முடித்துவிடுவோம்.

கறள்தான் எனக்கு உண்மையான கவலை. கதவுக்குக் கீழே ஓடுகிற அகலமான பிளாஸ்ரிக் பட்டிக்குப் பின்னால், காரைத் தூக்குகிற ஜக் கொழுவுகிற இடத்தில், வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளுக்குள் தின்னும். மண்முனைப் பாலத்தடியில் ரயர் காற்றுப் போய் ஜக்கைப் போட்டுத் தூக்கினால், கார் மேலே வரவில்லை, தகடு நெரிகிற சத்தம்தான் வந்தது. படுவான்கரைக்கு நெல் பார்க்கப் போன உழவு மெசின்காரர்தான் பலகை வைத்துத் தூக்கி உதவினார். மறுகா டிங்கர் வேலைக்கு விட்டுப் பட்டியைக் கழற்றி, பழுதை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து ஒட்டினோம். இப்போது பட்டிக்குள் பழைய ஒயில் அடித்து வைத்திருக்கிறேன். வேப்பமரத்துக்குக் கீழே நிப்பாட்டுவதையும் விட்டுவிட்டேன். வைப்பருக்குக் கீழே தண்ணி வடிகிற வழியை இலை அடைத்தால் தண்ணி காருக்குள்ளேதான் இறங்கும்.

2022 ஐ மறந்துவிட்டாயா? எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீடு வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். பெரிய கார்க்காரர் எல்லாம் வீட்டில் நிப்பாட்டி வைத்திருந்த நேரம், இந்த ஐந்து சிலிண்டர் அந்த 20 லீற்றரில் கல்முனைக்கு இரண்டு தரம் போய்வந்தது. முன்வீட்டு மாமியைக் கிளினிக்குக்கு ஏற்றிக்கொண்டு போனதும் இதில்தான்.

ஊர்க் கலியாணத்துக்கு இன்னும் நம்மட கார்தான் கேட்கிறார்கள். காசு வாங்குவதில்லை, செலோரேப் ஒட்டாதே, பெயின்ற் கிளம்பும் என்று மட்டும் சொல்லுவேன். பொனட் நட்சத்திரம் முதல் ஒன்றைப் பொடியன்மார் பிடுங்கிக்கொண்டு போனதால், இப்போது இருக்கிறது அலுமாரிக்குள், உன்ட சேட்டிபிக்கட் கோவைக்குப் பக்கத்தில் கிடக்கு. கலியாணத்துக்கு மட்டும் பூட்டுவேன்.

நீ பயப்படுவது எனக்கு விளங்குது. ராவில், நடு ரோட்டில், வயசுபோன அப்பா பொனட்டைத் திறந்துகொண்டு நிற்பார் என்றுதானே. இருட்டினால் செங்கலடி தாண்டி நான் ஓட்டுவதில்லை. கொழும்புக்கு ரயில்தான். கண் டொக்டர் இனி ஓட வேண்டாம் என்று சொல்லுகிற நாளில் திறப்பை அம்மாவிடம் குடுப்பேன், அதுக்கு மேல் நீயும் அவவும் தீர்மானியுங்கள்.

இப்போது அலுவல். நீ இருக்கிற நாட்டில் செய்த வாகனம் இது, பழைய மொடல் சாமான்களை அங்கே இன்னும் விற்கிறார்கள். மருமகனைக் கடைக்கு அனுப்பும்போது செசி நம்பரைக் குடுத்துவிடு; டபிள்யூ.டி.பி. 124 என்று தொடங்கும், புத்தகத்தின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். வேண்டியது மூன்று சாமான். வெற்றிடக் குழாய்க்கான றப்பர் முழங்கைகள், இரண்டு மூன்று மேலதிகமாக. டீசல் ஓடுகிற வெளிச்சமான பிளாஸ்ரிக் குழாய்களும் அவற்றின் றப்பர் வளையங்களும். இப்போது உள்ளதில் காலையில் காற்றுக் குமிழ் ஓடுகிறதைக் கண்ணாலேயே பார்க்கிறேன், அதனால்தான் முதல் ஸ்டார்ட்டுக்கு இழுக்குது. மூன்றாவது சாமான் ஃபியூஸ்கள், செம்புத் தகடு போட்டது, அலுமினியம் வேண்டாம், உப்புக்கு நிற்காது.

எல்லாம் சேர்ந்து ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் அடங்கும். தபாலில் போடாதே, சித்திரைக்கு வரும்போது சூட்கேசில் கொண்டு வா. நானாவுக்கும் ஒரு பெட்டி சொக்லேட் எடு.

இப்படிக்கு,
அப்பா