கலந்தாய்வுக்கு முன் வெளியிட வேண்டிய கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் கலந்தாய்வுக் காலத்தில் தங்கள் நாளிதழ் வெளியிடும் வழிகாட்டிப் பக்கங்களைத் தவறாமல் படித்து வருகிறேன். கடந்த ஆண்டு எந்தக் கல்லூரியில், எந்தப் பாடப்பிரிவில், எந்த வகுப்பினருக்கு எவ்வளவு கட் ஆஃப் மதிப்பெண்ணில் இடம் முடிந்தது என்பதை அந்தப் பக்கங்கள் தெளிவாகச் சொல்கின்றன. அதே கல்லூரியில் நான்கு ஆண்டுகளுக்கு மொத்தம் எவ்வளவு செலவாகிறது, அதற்காகக் குடும்பங்கள் எவ்வளவு கடன் வாங்குகின்றன, படித்து முடித்தவர்கள் அந்தக் கடனை அடைக்கும் அளவுக்குச் சம்பாதிக்கிறார்களா என்ற விவரங்களை ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க மட்டும் வழியில்லை. இதை நாளிதழின் குறையாகச் சொல்லவில்லை. அரசு தொகுத்து வெளியிடாத ஒன்றைத் தாங்கள் அச்சிட முடியாது. மேல்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்று, இப்போதும் விருப்பப் பட்டியல் தயாரிக்க வரும் பிள்ளைகளுக்கு உதவி வருபவன் என்ற முறையில், இந்தக் கணக்கை அரசு ஏன் வெளியிட வேண்டும், அதை எப்படி வெளியிடலாம் என்று எழுத விரும்புகிறேன்.

நுழைவுத் தேர்வு 2007ஆம் ஆண்டு நீக்கப்பட்ட பிறகு, கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200க்குக் கணக்கிடப்படும் மதிப்பெண்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கட் ஆஃப் என்பது ஒரு கல்லூரியின் உள்ளே போனவர்களைப் பற்றிய தகவல். அங்கிருந்து வெளியே வந்தவர்களைப் பற்றி அது எதையும் சொல்லாது. கடந்த ஆண்டு அதிக மதிப்பெண்காரர்கள் சேர்ந்த கல்லூரியை இந்த ஆண்டும் அதே மதிப்பெண்காரர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், அடுத்த ஆண்டும் அப்படியே நடக்கிறது. இடையில் அந்தக் கல்லூரியின் கற்பித்தல் தேய்ந்திருந்தாலும், பக்கத்துக் கல்லூரி நன்றாக முன்னேறியிருந்தாலும், பட்டியல் மாறப் பல ஆண்டுகள் ஆகின்றன.

கட்டணத்தில் தொடங்குகிறேன். சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கட்டண நிர்ணயக் குழு 2017ஆம் ஆண்டு அறிவித்த அளவு, அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தேசியத் தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000 ரூபாய். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு முறையே 85,000 ரூபாயும் 87,000 ரூபாயும். 2010ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் முதல் பட்டதாரிச் சலுகை, தகுதியுள்ள குடும்பங்களுக்கு இந்தச் சுமையைக் கணிசமாகக் குறைக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021இல் பொறியியலுக்கும் விரிவுபடுத்தப்பட்டு, அதில் சேருவோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. இவை இரண்டும் உண்மையிலேயே நல்ல திட்டங்கள். ஆனால் 7.5 விழுக்காட்டுக்குள் வராத அரசுப் பள்ளிப் பிள்ளைகளும், அந்த ஒதுக்கீட்டுக்குத் தகுதியே இல்லாத அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளும், கடன் வாங்கித் தனியார் பள்ளியில் படிக்கவைத்த ஓட்டுநர், தையல்காரர் வீட்டுப் பிள்ளைகளும் இந்த மாநிலத்தில் ஏராளமாக இருக்கிறார்கள். நான் எழுதுவது அவர்களுக்காக.

குழு நிர்ணயித்த கட்டணம் அச்சில் இருக்கும் கட்டணம். பேருந்துக் கட்டணம், விடுதி, உணவு, தேர்வுக் கட்டணம், சீருடை, வேலைவாய்ப்புப் பயிற்சி, இரண்டாம் ஆண்டில் கட்டாயமாக வாங்கச் சொல்லும் மடிக்கணினி என்று சேர்த்துக்கொண்டே போனால், பல இடங்களில் இந்தப் பிற செலவு கல்விக் கட்டணத்தைத் தாண்டிவிடுகிறது. இதைச் சேர்க்கைக்கு முன்பே எழுத்தில் தரும் கல்லூரிகளும் இருக்கின்றன. பெரும்பாலானவை தருவதில்லை. அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்துவிட்டது, கட்டணம் குறைவு என்று நிம்மதியடையும் பெற்றோருக்கு முதல் பருவம் முடிவதற்குள் கணக்கு மாறிவிடுகிறது.

அடுத்தது கடன். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி நான்கு லட்சம் ரூபாய் வரை பிணையம் இல்லாமல் கல்விக் கடன் பெறலாம், படிப்புக் காலமும் அதன் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை, அக்காலத்துக்குத் தனிவட்டி. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வீதம் நான்கு ஆண்டுகள் பத்து விழுக்காடு வட்டிக்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டும் 1,40,000 ரூபாய் ஏறி, கடன் 5,40,000 ரூபாயாக நிற்கும். அதைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ 7,140 ரூபாய் கட்ட வேண்டும். பதினைந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டால் 5,800 ரூபாய். மாதம் 15,000 ரூபாய்க்குச் சென்னையிலோ கோவையிலோ வேலைக்குச் சேர்ந்து, அறை வாடகை கொடுத்து, உணவுக்குச் செலவழிக்கும் ஓர் இளைஞன் இந்தத் தொகையை எப்படிக் கட்டுவான்? 40,000 ரூபாய் சம்பளம் வாங்குபவனுக்கு இதே கடன் ஒரு பொருட்டே இல்லை. ஆகவே கடன் பெரிதா சிறிதா என்பதைத் தனியாகச் சொல்ல முடியாது. அந்தக் கல்லூரியில் அந்தப் பிரிவைப் படித்தவர்கள் பெறும் சம்பளத்தோடு சேர்த்துத்தான் சொல்ல முடியும்.

பெற்றோரின் ஆண்டு வருமானம் நான்கரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், தவணை விலக்குக் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. ஆனால் 2018 முதல் அது, தேசியத் தர மதிப்பீட்டு அமைப்புகளான நாக் (நிறுவனங்களுக்கு) அல்லது என்.பி.ஏ. (பாடப்பிரிவுகளுக்கு) அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும் பாடப்பிரிவுகளுக்கும் உரியதாகச் சுருக்கப்பட்டது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமரின் வித்யாலட்சுமி திட்டமும் தரவரிசையின் அடிப்படையில் தேர்வான கல்லூரிகளுக்கே பொருந்தும். நாடு முழுவதற்கும் முதலில் அறிவிக்கப்பட்ட எண்ணிக்கை 860. அதாவது, எந்தக் கல்லூரிக்கு எந்தச் சலுகையில் கடன் தரலாம் என்று அரசு ஏற்கெனவே தரம் பிரித்து வைத்திருக்கிறது. விருப்பப் பட்டியலை நிரப்பும் மாணவனின் கண்ணுக்கு அந்தப் பிரிவினை தெரிவதில்லை. இடத்தை உறுதி செய்து, முன்பணம் கட்டி, வங்கி மேலாளர் முன் போய் அமர்ந்த பிறகுதான், "உங்கள் கல்லூரிக்கு வட்டி மானியம் கிடையாது" என்ற செய்தி தெரிய வருகிறது.

மாநில அளவிலான வங்கியாளர் குழு ஒவ்வொரு காலாண்டுக்கும் எந்த வங்கி, எந்த மாவட்டம், எவ்வளவு கல்விக் கடன் என்று புள்ளிவிவரம் தொகுக்கிறது. எந்தக் கல்லூரியில் படித்தவர்களின் கடன் வாராக் கடனாக மாறுகிறது என்ற கணக்கு அதில் இல்லை. கடன் பெற்றவர் திருப்பிக் கட்டாதபோது அது அவருடைய நாணயக் குறைவாகவும் குடும்பத்தின் அவமானமாகவும் பார்க்கப்படுகிறது; இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்ட தாயும் தந்தையும் வசூல்காரர்களுக்குப் பதில் சொல்கிறார்கள். ஒரே கல்லூரியின் ஒரே பிரிவில் படித்த பலர் கட்ட முடியாமல் நின்றால், அதற்குக் கல்லூரியும் பொறுப்பு என்று சொல்ல நம்மிடம் எண்கள் இல்லை. கல்விக் கடன் தள்ளுபடி தேர்தல்தோறும் பேசப்படுகிறது. கடன் ஏன் திரும்பவில்லை என்று கல்லூரி வாரியாக ஆராய வேண்டும் என்று எந்தக் கட்சியும் பேசி நான் கேட்டதில்லை.

படிப்புக்காகக் குடும்பங்கள் வாங்கும் கடனில் ஒரு பெரிய பகுதி வங்கிகளின் கல்விக் கடன் கணக்கில் வருவதே இல்லை. நம் ஊர்களில் கல்லூரிக் கட்டணம் பெரும்பாலும் நகைக் கடனாகவும் மகளிர் குழுக் கடனாகவும் கைமாற்றாகவும்தான் கட்டப்படுகிறது. கூட்டுறவு வங்கியில் அடகு வைத்த தாலிச் சங்கிலி "நகைக் கடன்" என்று பதிவாகிறது; அது மகளின் மூன்றாம் பருவக் கட்டணம் என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. எனவே வங்கிகள் காட்டும் கல்விக் கடன் தொகையை மட்டும் வைத்து மாணவர் கடனை மதிப்பிட்டால் உண்மையில் பாதிகூடத் தெரியாது என்பது என் கருத்து. படிப்புச் செலவு குறித்துக் குடும்பங்களிடம் ஒரு மாதிரிக் கணக்கெடுப்பை அரசின் பொருளியல், புள்ளியியல் துறை நடத்தினால்தான் இது வெளிச்சத்துக்கு வரும்.

வேலைவாய்ப்பு விளம்பரங்களுக்கு வருகிறேன். நெடுஞ்சாலை ஓரத்துப் பதாகைகளில் "95 விழுக்காடு வேலைவாய்ப்பு" என்றும் "அதிகபட்ச ஊதியம்" என்று ஒரு பெரிய எண்ணும் இருக்கும். முதலில், எதில் 95 விழுக்காடு? சேர்ந்த மாணவர்களிலா, தேர்ச்சி பெற்றவர்களிலா, அரியர் இல்லாமல் வளாகத் தேர்வுக்குப் பெயர் கொடுத்தவர்களிலா? சேர்ந்த நூறு பேரில் நாற்பது பேர் மட்டுமே பெயர் கொடுக்கத் தகுதி பெற்று, அவர்களில் 38 பேருக்கு வேலை கிடைத்தாலும் அது 95 விழுக்காடுதான். ஒரே மாணவருக்கு மூன்று நிறுவனங்கள் ஆணை தந்தால் அது மூன்றாக எண்ணப்படுவதும் உண்டு. ஆணை கையில் கிடைத்தும் வேலையில் சேர மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை அண்மை ஆண்டுகளில் நாம் பார்த்தோம். அதிகபட்ச ஊதியம் ஒருவரைப் பற்றிய தகவல். சராசரியும் அந்த ஒருவரால் மேலே இழுக்கப்படும். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஆண்டுக்கு இரண்டு லட்சமும் ஒருவருக்கு நாற்பது லட்சமும் கிடைத்தால் சராசரி 5,80,000 ரூபாய், ஆனால் அந்தச் சம்பளம் வாங்குபவர் யாருமே இல்லை. இங்கே பயன்படுவது பள்ளிப் பாடத்தில் உள்ள இடைநிலை அளவுதான், அதாவது எல்லாச் சம்பளங்களையும் வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் எண்; அது இரண்டு லட்சம் என்று உள்ளதைச் சொல்லிவிடும்.

இந்த இடைநிலை ஊதியம் ஓரளவுக்கு வெளியே கிடைக்கிறது என்பதைத் தங்கள் வாசகர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். 2016 முதல் வெளியாகும் தேசிய நிறுவனத் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், தாம் அளித்த விவரங்களைத் தம் இணையதளத்தில் வைக்க வேண்டும். எத்தனை பேர் முதலாண்டில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, இடைநிலை ஊதியம் எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று அனைத்தும் அதில் இருக்கும். பதாகையில் உள்ள விழுக்காட்டையும் இதில் உள்ள எண்களை வகுத்து வரும் விழுக்காட்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பெற்றோருக்கு நல்ல பயிற்சி. ஆயினும் இது விண்ணப்பித்த கல்லூரிகளுக்கு மட்டுமே கிடைக்கும். நான்காண்டுப் படிப்புகள் அனைத்தும் ஒன்றாகக் கூட்டப்பட்டிருப்பதால் கணினி அறிவியலின் ஊதியத்தில் கட்டடவியலின் நிலை மறைந்துபோகும். எல்லாமே கல்லூரி தானே கொடுத்த எண். ஒரே காலத்தில் பல பொறியியல் கல்லூரிகளின் பட்டியலில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்களின் பெயர்கள் இடம்பெற்றிருந்த விவகாரம் 2024 ஜூலையில் வெளிவந்ததை நினைவில் கொண்டால், கல்லூரி தானே கொடுக்கும் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது விளங்கும்.

மாநில அரசு நினைத்தால் இதைவிட நம்பகமான கணக்கைத் தர முடியும். பள்ளியில் எமிஸ் எண், கல்லூரியில் யூமிஸ் எண் என்று ஒவ்வொரு மாணவருக்கும் பதிவு ஏற்கெனவே இருக்கிறது. உதவித்தொகைகள் அதன் வழியாகவே போகின்றன. அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டைப் பருவந்தோறும் வெளியிடுகிறது. பட்டம் பெற்றவர்களின் ஒப்புதலோடு யூமிஸ் பதிவை வருங்கால வைப்பு நிதிப் பதிவோடு ஒப்பிட்டால், பட்டம் பெற்ற ஓராண்டிலும் மூன்றாண்டிலும் எத்தனை பேர் முறையான வேலையில் இருக்கிறார்கள், இடைநிலை ஊதியம் என்ன என்பதைக் கல்லூரியைக் கேட்காமலே அறியலாம். அமெரிக்காவில் 2015 முதல் மத்திய கல்வித் துறை, கடன் பதிவுகளையும் வருமான வரிப் பதிவுகளையும் இணைத்துக் கல்லூரி வாரியாகக் கடனையும் ஊதியத்தையும் பொதுவில் வெளியிடுகிறது. 2019இல் பாடப்பிரிவு வாரியாகவும் அதைப் பிரித்தது. அங்கும் மத்திய அரசின் உதவி பெற்ற மாணவர்களை மட்டுமே அது எண்ணுகிறது என்ற குறை உண்டு. ஆயினும் கல்லூரியின் வாக்குமூலத்தை நம்ப வேண்டியதில்லை. தனிநபர் விவரம் வெளிப்படாதிருக்க, சிறிய பிரிவுகளின் எண்களை மட்டும் நிறுத்தி வைத்தால் போதும்.

கல்லூரி நிர்வாகங்கள் இதற்கு ஒரு மறுப்புச் சொல்லும், அதில் நியாயமும் இருக்கிறது. 190க்கு மேல் மதிப்பெண் பெற்றவர்களைச் சேர்க்கும் கல்லூரியையும் 100 மதிப்பெண்காரர்களுக்குக் கற்பிக்கும் கிராமப்புறக் கல்லூரியையும் ஒரே கோலால் அளந்தால், பின்னதன் உழைப்பு மறைந்துவிடும். ஆகவே ஒரே கட் ஆஃப் வரம்புக்குள் வரும் கல்லூரிகளை மட்டும் தமக்குள் ஒப்பிட வேண்டும். 110 முதல் 130 வரை பெற்ற மாணவர்களைச் சேர்த்த கல்லூரிகளில், ஒன்றில் பாதிப் பேர் உரிய காலத்தில் தேர்ச்சி பெற்று, இன்னொன்றில் கால் பங்கினரே பெறுகிறார்கள் என்றால், அந்த வேறுபாட்டை மாணவர் தலையில் சுமத்த முடியாது. நடுத்தர மதிப்பெண் பெற்ற பிள்ளைகளுக்குத்தான் இந்தக் கணக்கு அதிகம் தேவை. முதல் சில ஆயிரம் இடங்களுக்குள் வருபவர்களுக்கு எங்கே சேர வேண்டும் என்பது தெரியும்.

கலை, அறிவியல் கல்லூரிகளின் நிலை இதைவிட இருட்டு. தமிழகத்தின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22 கணக்கெடுப்பில் 47 விழுக்காடு, தேசிய அளவு 28.4. இந்தப் பெருமையில் பெரும் பங்கு கலை, அறிவியல் கல்லூரிகளுடையது. அவற்றில் அரசுக் கல்லூரியின் இயற்பியல் பட்டமும், உதவிபெறும் கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் பெற்ற அதே பட்டமும் செலவில் எவ்வளவு, பயனில் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை ஒப்பிட ஓர் அட்டவணைகூட இல்லை.

உயர்கல்வித் துறை அடுத்த கலந்தாய்வின் இணையதளத்தில், ஒவ்வொரு கல்லூரிக் குறியீட்டுக்கும் எதிரே மொத்த ஆண்டுச் செலவு, வட்டி மானியத் தகுதி, உரிய காலத்தில் பட்டம் பெற்றோர் விகிதம் ஆகியவற்றை மட்டுமாவது சேர்க்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஊதியக் கணக்கு வர ஓரிரு ஆண்டுகள் ஆகலாம். தங்களிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. கலந்தாய்வு மாதங்களில் தங்கள் இணைப்பிதழ்களில் கல்லூரி விளம்பரங்கள் நிறைய வருகின்றன. வேலைவாய்ப்பு விழுக்காட்டைக் குறிப்பிடும் விளம்பரங்களில், அது எத்தனை பேரில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையையும் இடைநிலை ஊதியத்தையும் சேர்த்தே வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையைத் தங்கள் விளம்பரப் பிரிவு விதிக்க முடியுமா என்று பரிசீலிக்க வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
தென்காசி மாவட்டம்.