"லேசான வேலை" என்று போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு பத்திரிகையில் வரும் சிறு விளம்பரங்களை நான் ஒரு வாரமும் விடாமல் வாசிப்பேன். எனக்கு வேலை இருக்கிறது. ஆனாலும் எந்த வீட்டில் யாருக்கு ஆள் தேடுகிறார்கள் என்று பார்க்கும் பழக்கம் விட்டுப்போகவில்லை. "கொழும்பு 6. சுகவீனமான மகனைப் பார்த்துக்கொள்ள, தங்கி வேலை செய்யப் பெண் தேவை. மலையகத்தவர் விரும்பத்தக்கது. லேசான வேலை." இந்த மாதிரி ஒன்று அடிக்கடி கண்ணில் படும். மகனுக்கு என்ன வயது, நடப்பாரா, பேசுவாரா, வலிப்பு வருமா, இரவில் தூங்குவாரா, ஒன்றும் இருக்காது. போன் எடுத்துக் கேட்டால்தான் மகனுக்கு முப்பத்தாறு வயது, ஆள் நல்ல பாரம் என்று தெரியவரும். அந்த லேசான வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் பிறந்தவள். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கொழும்புக்கு வந்தது சமைக்கவும் வீடு கூட்டவும்தான். வந்த வீட்டில் பெருமூளை வாதம், அதாவது மூளைப் பாதிப்பால் கை கால் சொன்னபடி கேட்காத நிலை, உள்ள ஒரு பெண் இருந்தாள். அவளுடைய அம்மாவுக்கு முதுகு போய்விட்டது, நான் தூக்க ஆரம்பித்தேன், அதுவே என் தொழிலாகிவிட்டது. இருபது வருடத்துக்கு மேலாகிறது. இடையில் பெரியவர்கள் தங்கும் ஓர் இல்லத்திலும் வேலை செய்தேன். இப்போது கொட்டாஞ்சேனையில் குடியிருந்துகொண்டு, வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டுக்குப் பகல் வேலைக்குப் போகிறேன். அங்கே நான் பார்ப்பது டவுன் சின்ட்ரோம் என்ற பிறவி அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள ஒருவரை. நாற்பது வயதைத் தாண்டிவிட்டார். எனக்கு அவர் தம்பி, அவருக்கு நான் அக்கா. அவருடைய அம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது. கூடப்பிறந்தவர்கள் கனடாவில்.

வேலை என்னவென்று தெரிய, தம்பிக்குச் சவரம் செய்வதை மட்டும் சொல்கிறேன். பிளேட் முகத்துக்குக் கிட்ட வந்தால் தலையைத் திருப்பிவிடுவார், திருப்பினால் வெட்டிவிடும். கரண்டில் ஓடும் ரேசரின் சத்தம் அவருக்கு ஆகவே ஆகாது. அதனால் முதலில் கண்ணாடியையும் பிரஷ்ஷையும் அவர் கையில் கொடுக்க வேண்டும். நுரையை அவரே பூசுவார், மூக்கு, காது எல்லாம் பூசுவார், கடைசியில் என் கைக்கும் கொஞ்சம் பூசுவார். பிறகு நான் இடது கன்னத்தை மட்டும் மழித்துவிட்டு நிறுத்த வேண்டும். அவர் கண்ணாடியில் பார்த்து, தடவிப் பார்த்து, "சரி" என்று சொன்னால்தான் வலது கன்னம். மேலுதட்டுக்கு வரும்போது மூச்சை அடக்கிக்கொள்வார், ஆகவே அங்கே ஒரே இழுப்பு. எல்லாம் முடிய அரை மணி நேரம் ஆகும். தலையைப் பிடித்து அழுத்திச் செய்தால் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். நான் இருந்த இல்லத்தில் அப்படித்தான் நடக்கும், அத்தனை பேரையும் ஓரிருவர் பார்க்கும் இடத்தில் வேறு என்ன செய்வார்கள். ஆனால் காலையில் அழுத்திப் பிடிக்கப்பட்டவர் மத்தியானம் சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவார். அப்புறம் அவருக்கு "முரடன்" என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

குளிக்க வைப்பதைப் பற்றி யாரும் வெளியே பேசுவதில்லை, நான் பேசுகிறேன். வளர்ந்த ஓர் ஆண் மகனைக் குளிக்க வைக்க ஒரு பெண்ணைத்தான் எடுக்கிறார்கள். அவருக்கும் வெட்கம் உண்டு. தம்பிக்குத் துவாயைக் கட்டிவிட்டு, முதுகும் காலும் நான் தேய்ப்பேன். மற்றதற்கு சவர்க்காரத்தைக் கையில் கொடுத்துவிட்டு, கதவுக்கு இந்தப் பக்கம் நின்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். இதைப் பழக்கவே பல மாதங்கள் எடுத்தன. ஆண்களை இந்த வேலைக்கு எடுங்கள் என்று சொன்னால், "ஆம்பிளைகள் இதுக்கெல்லாம் வருவாங்களா" என்று சிரிக்கிறார்கள். ஒழுங்கான சம்பளம் இருந்தால் ஏன் வரமாட்டார்கள்?

இதைவிடப் பெரிய வேலை, சொல்லத் தெரியாதவரின் வருத்தத்தைக் கண்டுபிடிப்பது. இல்லத்தில் ஓட்டிசம் உள்ள ஒருவர் இருந்தார், வாய் பேசமாட்டார், அமைதியான ஆள். திடீரென்று ஒரு நாள் கையை முறுக்கித் தன் தாடையிலேயே குத்த ஆரம்பித்தார். இரவு முழுக்க அதே கதை. குணம் மாறிவிட்டது, தூக்க மாத்திரையைக் கூட்ட வேண்டும் என்று பேச்சு வந்தது. நான் அவருக்குப் பாண் கொடுக்கும்போது பார்த்தேன், வலது பக்கத்தால் மட்டும் மென்றார். குளிர்ந்த தண்ணீர்க் கோப்பையை உதட்டில் வைத்துவிட்டுத் தள்ளினார். பல் டொக்டரிடம் கொண்டுபோனால், இடது கடைவாய்ப் பல் வேர்வரை சொத்தை. பிடுங்கிய கையோடு குத்துவதும் நின்றது. மாத்திரையைக் கூட்டியிருந்தால் அந்த மனிதர் வலியோடு தூங்கிக்கொண்டு இருந்திருப்பார், நாங்களும் நிம்மதி என்று நினைத்திருப்போம்.

தம்பியும் ஒரு காலத்தில் மந்தமாகிக்கொண்டே போனார். பகலில் தூக்கம், மலச்சிக்கல், கொழும்புப் புழுக்கத்திலும் போர்வை கேட்டார். வயதாகிறது, சோம்பல் என்று அம்மா சொன்னார். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைரொயிட் என்ற கழுத்துச் சுரப்பியில் குறைபாடு வருவது சாதாரணம், அதே நேரம் மறதி நோயும் மற்றவர்களைவிட முந்தி, நாற்பதுகளிலேயே தொடங்கலாம். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும். இரத்தப் பரிசோதனை செய்யும்படி நான்தான் நச்சரித்தேன். தைரொயிட்தான். இப்போது காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அரை மணி நேரம் கழித்துத்தான் தேத்தண்ணி. அந்த அரை மணி நேரம் அவர் என்னோடு பேசமாட்டார், தேத்தண்ணிக் கோபம்! ஆனால் ஆள் பழையபடி எழும்பி நடமாடுகிறார்.

நான் முதலில் சொன்ன பெருமூளை வாதம் உள்ள பெண்ணுக்கு விழுங்குவதில் சிக்கல். படுக்க வைத்து ஊட்டினால் சாப்பாடு நுரையீரலுக்குள் போய்விடும். நேராக உட்கார வைத்து, நாடியைக் கொஞ்சம் கீழே இறக்கி, சின்னக் கரண்டியால், ஒரு வாய் விழுங்கினாளா என்று தொண்டையைப் பார்த்த பிறகு அடுத்த வாய். தண்ணீர் போல இருக்கும் சொதிதான் ஆபத்து, கெட்டியான குரக்கன் கஞ்சி அவளுக்குச் சுகமாக இறங்கும். சாப்பிட்ட பிறகும் உடனே சரிக்கக் கூடாது. அவளுக்கு வலிப்பும் இருந்தது. ஒரு தடவை லிப்ட் வாசலில் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஆள் ஓடிவந்து இரும்புச் சாவியைக் கையில் திணிக்கிறார், இன்னொருவர் பல்லுக்கு நடுவில் கரண்டி வைக்கப் பார்க்கிறார், மூன்றாமவர் வெங்காயத்தோடு வருகிறார். எல்லாரும் நல்ல மனிதர்கள்தான். நான் எல்லாரையும் தள்ளிவிட்டு அவளைப் பக்கவாட்டில் திருப்பி, தலைக்குக் கீழே என் சால்வையை வைத்துவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்தேன். செய்ய வேண்டியது அவ்வளவுதான். வாயில் எதையும் வைக்கக் கூடாது, கை கால்களை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 1990க்கு அடித்துச் சுவ செரிய அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். அன்றைக்கு இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டது. அவள் கண் திறந்ததும் முதலில் கேட்டது எல்லாரும் ஏன் நிற்கிறார்கள் என்றுதான்.

இதையெல்லாம் நான் எங்கே படித்தேன் என்று கேட்டால், ஒரு பேச்சு சிகிச்சை மிஸ் வீட்டுக்கு வந்து காட்டியது, இல்லத்தில் ஒரு சிங்கள தாதி அக்கா சொல்லித் தந்தது, மற்றது அனுபவம். பராமரிப்பாளர் பயிற்சிக்கு என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் நாட்டில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு எங்கள் பிள்ளைகள் இஸ்ரேலுக்கும் ஜப்பானுக்கும் போகிறார்கள், அங்கே முதியவர்களைப் பார்க்க. போகட்டும், நானும் வயது இருந்தால் போயிருப்பேன். அதே சான்றிதழை வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் காட்டினால், "தேங்காய் திருவவும் தெரியுமா" என்றுதான் கேட்பார்கள்.

சம்பள விஷயத்துக்கு வருகிறேன். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவானது, 2026 ஜனவரியிலிருந்து 30,000. நல்லது. ஆனால் 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கக் குறைந்தபட்ச வேதனச் சட்டம் வீட்டுப் பணியாளர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஓய்வுக்காலத்துக்குச் சேர்க்கும் ஊழியர் சேமலாப நிதியிலும் நாங்கள் இல்லை. வீட்டுப் பணியாளர்களுக்கென்றே ஒரு பழைய சட்டம் உண்டு, 1871இல் வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது, அது பொலிஸில் பெயர் பதிவதைப் பற்றியது. விழுங்கும் தொண்டையைப் பார்த்து ஊட்டுகிறவளும், வலிப்பை மணிக்கூடு வைத்துக் கணக்கெடுக்கிறவளும் சட்டத்தின் கண்ணுக்கு வீட்டு வேலைக்காரிதான். என்னுடைய ஒரே கோரிக்கை இந்த இடத்தில்தான். வளர்ந்தவர்களைப் பராமரிக்கும் வேலையைத் தனித் தொழிலாகப் பதியுங்கள். வீட்டுக்குள்ளே செய்தாலும் குறைந்தபட்சச் சம்பளமும், சேமலாப நிதியும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் வரட்டும்.

"அம்மா அப்பாவிடம் காசு எங்கே" என்று உடனே கேட்பார்கள். நியாயம்தான். எல்லாரும் வெள்ளவத்தைக்காரர்கள் இல்லை. நான் குடியிருக்கும் ஒழுங்கையிலேயே, வளர்ந்த மகளை வீட்டில் விட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு கடை வேலைக்குப் போகும் தாய் இருக்கிறாள். கதவைப் பூட்டுகிறாளே என்று அவளை ஏசுகிறவர்கள், ஒரு நாள் அந்த மகளோடு போய் இருந்து பார்க்கட்டும். வருமானம் குறைந்த குடும்பங்களில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500இலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தினார்கள். பெரியவர்களுக்கான பம்பர்ஸ் ஒரு பைக்கட் என்ன விலை என்று யாராவது ஒரு பாமசியில் கேட்டுவிட்டு, மாதத்துக்கு எத்தனை பைக்கட் என்று பெருக்கிப் பார்க்கட்டும்.

ஆகவே சம்பளத்தில் ஒரு பங்கை அரசாங்கம்தான் போட வேண்டும். புதிதாக ஒன்றும் நான் கேட்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் உறுதிப்படுத்தியது. அதன் 28ஆவது உறுப்புரையில், வறுமையில் இருக்கும் குடும்பங்களுக்குப் பயிற்சி, பண உதவி, பராமரிக்கிறவர்கள் ஓய்வெடுக்கும்படியான மாற்றுப் பராமரிப்பு எல்லாம் அரசாங்கத்திடமிருந்து கிடைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் ஒரு வீட்டை எடுத்து, பயிற்சி பெற்ற நாலு பேரைப் போட்டு, மாதத்தில் ஒரு சனி ஞாயிறு பிள்ளையை விட்டுவிட்டு வரலாம் என்று செய்தால் எத்தனை தாய்மார் ஓர் இரவு முழுக்கத் தூங்குவார்கள். கலியாண வீட்டுக்குப் போவார்கள், கண் ஒப்பரேஷன் செய்துகொள்வார்கள். தம்பியின் அம்மா கட்டராக்ட் ஒப்பரேஷனை மூன்று தடவை தள்ளிப்போட்டவர், இரவுக்கு ஆள் இல்லை என்று.

அந்த அம்மா அடிக்கடி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, எனக்குப் பிறகும் நீர் இருப்பீர்தானே?" என்று கேட்பார். ஓம் அம்மா என்றுதான் சொல்வேன், வேறு என்ன சொல்ல. ஆனால் எனக்கும் ஐம்பத்தைந்து வயதாகிறது, முழங்கால் வலிக்கிறது. காலி வீதி பஸ்ஸில் காலையில் இடம் கிடைக்காவிட்டால் நின்றுகொண்டு வர முடிவதில்லை. ஒரு மனிதரின் மிச்ச வாழ்க்கைக்கு என் முழங்காலை நம்பியிருப்பது திட்டம் ஆகாது. கனடாவில் இருக்கும் பிள்ளைகள் காசு அனுப்புகிறார்கள், குறை சொல்லமாட்டேன். காசு கொடுத்தாலும் நாளைக்கு இந்த வேலை தெரிந்த ஆள் வேண்டுமே.

அரசாங்கம் செய்கிறபோது செய்யட்டும். உங்கள் பத்திரிகை நாளைக்கே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, ஐயா. பராமரிப்பு வேலைக்கு விளம்பரம் கொண்டுவருகிறவரிடம் உங்கள் விளம்பரப் பிரிவு நாலு விபரம் கேட்கட்டும். பார்க்க வேண்டியவரின் வயது என்ன, தூக்க வேண்டுமா, வேலை எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, லீவு எந்த நாள். அதைப் போட்டால் தெரிந்தவர்கள் வருவார்கள், தெரியாத பதினெட்டு வயதுப் பிள்ளை ஹட்டனிலிருந்து பஸ் ஏறி வந்து பயந்து ஓடமாட்டாள். சொல்லுக்கு இவ்வளவு என்று நீங்கள் காசு எடுப்பது தெரியும். இந்த நாலு விபரத்துக்கு மட்டும் எடுக்காமல் விடலாம்.

இப்படிக்கு,
ஒரு பராமரிப்பாளர்,
கொழும்பு 13.

(பெயரும் முகவரியும் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். நான் வேலை செய்யும் வீட்டாரை நினைத்து அவற்றைப் பிரசுரிக்க வேண்டாம்.)