ஆழத்தை மூடிமேல் பொறிக்கச் சொல்லுங்கள்

சர்வதேசக் கடல்சார் அமைப்பின் கடல் பாதுகாப்புக் குழுவினருக்கு,

வணக்கம். டைட்டானிக் கப்பலின் சிதைவைக் காட்ட ஆட்களை ஏற்றிப்போய், 2023-ல் ஆழ்கடலில் நசுங்கிப்போன டைட்டன் நீர்மூழ்கியின் கதையை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டில் வந்த அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் அறிக்கையையும் பார்த்திருப்பீர்கள். தடுத்திருக்கக்கூடிய விபத்து என்கிறது அது. செத்தவர்கள் ஐந்து பேர். ஒரு பையனுக்கு வயது 19.

விசாரணையில் வெளிவந்த ஒரு விஷயத்தை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. 2022 ஜூலையில் 80-வது முறை இறங்கிவிட்டு மேலே வரும்போது பெரிய வெடிச்சத்தம் கேட்டிருக்கிறது. ஆட்கள் உட்காரும் கூடான அதன் ஓட்டில் பொருத்திய அளவிகளும் அதற்குப் பின் வேறு மாதிரி காட்டின. கார்பன் ஃபைபர் ஓடு, அடுக்கடுக்காக ஒட்டியது. உள்ளே அடுக்கு விட்டுப்போனால் வெளியே தெரியாது. ஆனாலும் அந்த ஓட்டினை யாரும் முறையாகச் சோதிக்கவில்லை. குளிர்காலத்தில் கனடாவில் வெட்டவெளியில் போட்டு வைத்தார்கள். 2023 ஜூனில் அதே ஓட்டுக்குள் ஆட்களை உட்காரவைத்து, வெளியிலிருந்து போல்ட் முடுக்கி, 3,800 மீட்டர் ஆழத்துக்கு அனுப்பினார்கள்.

நான் கப்பல் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவன். அங்கே அழுத்தக் காற்று அடைக்கும் ஒரு ஏர் பாட்டிலுக்குக்கூட, கப்பலைச் சோதிக்கும் சர்வேயர் கையெழுத்து வேண்டும். உயிர்காப்பு ஜாக்கெட்டில் விசில் இருக்கவேண்டும் என்று விதி வைத்தவர்கள் நீங்கள். மனிதர்கள் உட்காரும் ஓட்டுக்கு மட்டும் 2001-ல் ஒரு வழிகாட்டுதல் சுற்றறிக்கை. விரும்பினால் பின்பற்றலாம்!

வீட்டு ஷெட்டில் நீர்மூழ்கி கட்டுபவர்களைத் தடுக்கச் சொல்லவில்லை. அவர்களில் பலர் கம்பெனிக்காரர்களைவிடக் கவனமானவர்கள். அமெரிக்கக் கடற்படையில் ஓய்வுபெற்ற கிட்ரெட்ஜ் தன் சிறு நீர்மூழ்கிக்கு கே-250 என்று பெயர் வைத்தார். 250 அடிதான் அதன் எல்லை. சொந்தமாகச் செய்த நீர்மூழ்கியை ஹோண்டுராஸில் ஓட்டும் கார்ல் ஸ்டான்லி, 2019-ல் டைட்டனில் இறங்கியபோது ஓடு முறியும் சத்தத்தைக் கேட்டு, நிறுவனத் தலைவருக்கே எழுதி எச்சரித்தார். அந்த முதல் ஓட்டில் பிறகு விரிசல் கண்டார்கள். வேறொரு ஓடு செய்தார்கள், எச்சரிக்கை மட்டும் யார் காதிலும் ஏறவில்லை.

கட்டியவர் தனியாக இறங்கினால் அது அவர் பாடு. இன்னொருவரை ஏற்றும்போதுதான் நான் கேட்பது வருகிறது. சொல்லும் ஆழத்தைவிடக் கால்பங்கு கூடுதலாக, ஆளில்லாமல் முதலில் இறக்கிச் சோதிக்க வேண்டும். கட்டியவரோ விற்பவரோ அல்லாத ஒருவர் அதற்குக் கையெழுத்துப் போடவேண்டும். தாண்டக்கூடாத ஆழத்தையும் அடுத்த சோதனைத் தேதியையும், ஆட்கள் ஏறி இறங்கும் வாசல் மூடிமேல் பொறிக்க வேண்டும். எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டரில் அடுத்த சோதனை எந்த வருடம், எந்தக் காலாண்டு என்று எழுதியிருக்கிறது. அதற்குள் யாரும் உட்காருவதுமில்லை. அரை மீட்டர் அகல மூடிமேல் நூறு மீட்டர் ஆழத்திலேயே சுமார் 20 டன் தண்ணீர்ப் பாரம் ஏறுகிறது. ஏரியில் இறங்குவதற்கும் இது வேண்டும்.

டைட்டனில் ஏறும் முன், எந்த அமைப்பும் சான்றளிக்காத கலம் என்று பயணிகளிடம் கையெழுத்து வாங்கினார்களே, அது போதாதா என்று கேட்கலாம். சரி, நாளைக்கே ஒரு விமானக் கம்பெனி அப்படிக் கையெழுத்து வாங்கினால் பறக்க விடுவார்களா? பணம் கொடுத்தவருக்கு 'பணி நிபுணர்' என்று பட்டம் கொடுத்தால் அவர் பயணி இல்லையாம்.

இன்னொன்றும் உறுத்துகிறது. டைட்டன் காணாமல்போன அதே வாரத்தில், கிரீஸ் பக்கம் நூற்றுக்கணக்கான அகதிகளோடு ஒரு படகு மூழ்கியது. உலகத்தின் கேமராக்கள் எந்தப் பக்கம் திரும்பின என்று எல்லோரும் பார்த்தோம். அதற்கு வேறு மடல்தான் எழுதவேண்டும்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆளில்லாச் சோதனை, வெளியார் கையெழுத்து, மூடிமேல் ஆழ எல்லை. இந்த மூன்றையும் வழிகாட்டுதலாக விடாமல் கட்டாய விதியாக்க, அடுத்த அமர்வின் நிகழ்ச்சிநிரலில் சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் இன்ஜினியர் ஒருவர்,
தூத்துக்குடி