இறுதியாண்டு புராஜெக்டை மாணவர்களிடமே விடுங்கள்

செட்டிநாட்டுக் கல்லூரிகளின் கணினித் துறைத் தலைவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் காரைக்குடிப் பக்கத்துக்காரன். மென்பொருள் வேலைக்கு வரும் பட்டதாரிகளை நேர்காணல் செய்கிறவன். அந்த உரிமையில் கேட்கிறேன்: இறுதியாண்டு புராஜெக்டை விலைக்கு வாங்கும் வழக்கத்தை இனியும் கண்டும் காணாமல் விடாதீர்கள்.

தலைப்பு, நிரல், பைண்டிங் போட்ட ரிப்போர்ட் எல்லாம் கடையில் ஒரே பொட்டலமாகக் கிடைக்கின்றன. வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் சொல்ல வேண்டிய பதில்கள் உட்பட. நூலக மேலாண்மை புராஜெக்ட் செய்ததாகச் சொன்ன ஓர் இளைஞரிடம், “ஒரே புத்தகத்துக்கு இரண்டு பிரதிகள் இருந்தால் எதை யார் எடுத்துப் போனார் என்று எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். விழித்தார். அவர் சோம்பேறி அல்லர். அந்த நூலகத்தில் அவருக்கு ஒரு சம்பந்தமும் இல்லை, அவ்வளவுதான்.

மனிதருக்கு உள்ளிருந்து ஊக்கம் பிறக்க மூன்று வேண்டும் என்றார்கள் உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரையனும்: தானே தேர்ந்தெடுக்கும் உரிமை, தன்னால் முடியும் என்ற உணர்வு, பிறரோடு பிணைப்பு. வாங்கிய புராஜெக்டில் மூன்றில் ஒன்றுகூட இல்லை.

பூ வேலைத் தரைக்கற்களுக்குப் பேர்போன ஆத்தங்குடிக்கு மாணவர்களை அனுப்புங்கள். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் இட்டுக் கல் வார்ப்பதைப் பார்க்கட்டும். மூலையில் கால் பூ மட்டும் உள்ள கல்லும் அங்கே உண்டு. அப்படி நான்கு கற்களை நான்கு திசைக்கும் திருப்பிச் சேர்த்தால் நடுவில் முழுப் பூ விரியும். இரண்டாம் ஆண்டில் நாம் மனப்பாடம் செய்யவைக்கும் இருபரிமாண அணியின் (கட்டங்களில் எண்களை அடுக்கும் array) சுழற்சி இதுதான்! இந்த அளவு அறைக்கு எத்தனை கல், ஓரக்கல் எவ்வளவு, எங்கே வெட்ட வேண்டும் என்று கணக்கிடும் நிரலை ஒரு பெண் எழுதினால், அதைச் சரிபார்ப்பவர் கல் பதிக்கும் கொத்தனார். அவர் “தப்பும்மா” என்றால் அவள் இரவெல்லாம் உட்கார்ந்து திருத்துவாள். மதிப்பெண்ணுக்காக யாரும் அப்படி உட்காருவதில்லை.

நூலக மென்பொருள்தான் வேண்டும் என்றால் அதற்கும் நம் ஊரில் பஞ்சமில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் திரட்டிய நூல்களே இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக இருக்கின்றன. பழைய வீடுகளின் பெட்டிகளில் கணக்கேடுகளும் கடிதங்களும் இன்னும் கிடக்கின்றன. அவற்றுக்கு அட்டவணை எழுதட்டும். ஊருணியின் நீர்மட்டம், பனையோலைக் கொட்டான் முடையும் பெண்களின் ஆர்டர் கணக்கு என்று வேலை எவ்வளவோ உண்டு.

ஓர் ஆசிரியர் தலையில் எத்தனை குழுக்கள் விழுகின்றன என்பதை அறிவேன். ஆனாலும் புராஜெக்டை இரண்டாம் ஆண்டிலேயே சிறிதாகத் தொடங்கலாம். நிரலின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட் (Git) போன்ற கருவியில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாகும். பாதி மதிப்பெண்ணை அதற்கு ஒதுக்குங்கள். முடியாமல் நின்ற புராஜெக்டுக்கும், ஏன் நின்றது என்று மாணவர் விளக்கினால், மதிப்பெண் கொடுங்கள். வைவாவில் அந்தக் கொத்தனாருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.

அடுத்த பருவத் தலைப்புகளுக்கு ஒப்புதல் தருவதற்கு முன் ஒரு சனிக்கிழமை எங்களைக் கூப்பிடுங்கள். துறையில் வேலை பார்க்கும் இவ்வூர்க்காரர்கள் சிலர், குழுவுக்கு ஒருவராக வழிகாட்ட ஆயத்தமாக இருக்கிறோம்.