சரவணன் சாரும் நம்ம பெட்டிக் காலமும்

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பங்காளி,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் வந்து சில நாளாகிவிட்டது. உடனே பதில் போட முடியாதபடி வீட்டில் வேலை. உன் மதினிக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், ஆனால் சொட்டு மருந்து விடுவது என் பொறுப்பு. மணி தவறினால் பேச்சு வாங்க வேண்டியிருக்கிறது. இப்போது நன்றாகத் தெரிகிறதாம். சுவர் மூலையில் இருக்கும் ஒட்டடை வரைக்கும் தெரிகிறது என்பதுதான் எனக்கு வந்த கஷ்டம்.

கடிதத்தோடு நீ வைத்திருந்த பத்திரிகைத் துண்டைப் படித்தேன். சினிமாத் தயாரிப்பாளர் ஏவிஎம் சரவணன் காலமான செய்தியை அன்றைக்கே டிவியில் பார்த்தேன். டிசம்பர் 3-ம் தேதி 86 வயது நிறைந்தது, மறுநாள் காலமாகிவிட்டார். “உங்க விநியோக ஆபீஸில் அவர் படமெல்லாம் ஓட்டினீர்களே, அந்த மனிதர் அப்படி என்னதான் செய்தார்? அப்பா கட்டி வைத்ததில் உட்கார்ந்தவர்தானே?” என்று கேட்டிருக்கிறாய். குத்தலான கேள்விதான், ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்.

அப்பா சாதாரண ஆள் இல்லை. மெய்யப்பச் செட்டியார் காரைக்குடியில் கிராமபோன் தட்டு விற்ற குடும்பத்திலிருந்து வந்தவர். 1935-ல் ‘அல்லி அர்ஜுனா’ எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டார். அதோடு விடவில்லை. யுத்தத்தையொட்டிச் சென்னையில் புது ஸ்டுடியோவுக்கு மின்சாரம் கிடைக்காத நிலையில், காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தினார். 1947-ல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே எடுத்த படம்தான். எங்கப்பா வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்த கதையை நீயும் திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாய். 1948 வாக்கில்தான் ஜாகை கோடம்பாக்கத்துக்கு மாறியது. பாரதியார் பாட்டுகளின் உரிமை செட்டியார் கையில் இருந்தது. அரசாங்கம் கேட்டதும் காசு வாங்காமல் கொடுத்துவிட்டார். அதே மனிதர், ‘ஸ்ரீவள்ளி’யில் கதாநாயகியின் பாட்டு திருப்தியாக இல்லை என்று பி.ஏ.பெரியநாயகியைப் பாட வைத்துக் குரலையே மாற்றினார். ஒரு அடி பிலிம் சரியில்லை என்றாலும் திரும்ப எடு என்பார் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அவர் கணக்கும் தப்பியதுண்டு. ‘பராசக்தி’யில் சிவாஜி வேண்டாம் என்றுதான் அவருக்குத் தோன்றியது. கூட்டாளி பி.ஏ.பெருமாள் பிடிவாதமாக நின்றதால் நமக்கு ஒரு சிவாஜி கிடைத்தார்.

அப்படிப்பட்ட அப்பாவின் பிள்ளையாக இருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். 1950-களின் கடைசியிலேயே சரவணன் ஸ்டுடியோவுக்குள் வந்துவிட்டார். அண்ணன் தம்பிகளும் கூடவே. ‘களத்தூர் கண்ணம்மா’, ‘சர்வர் சுந்தரம்’, ‘அன்பே வா’ எல்லாம் அப்பா தலைமையில் நடந்த வேலை. எம்.ஜி.ஆர். ஏவிஎம்முக்கு நடித்த ஒரே படம் அந்த ‘அன்பே வா’. எழுபதுகளில் ஏவிஎம்மின் தமிழ்ப் படங்கள் குறைந்துபோயின. 1979 ஆகஸ்டில் செட்டியார் கண்ணை மூடினார். பெரிய இடம், பெரிய பெயர், தளம் தளமாக ஸ்டுடியோ. அப்புறம் என்ன செய்வது? நிறைய வாரிசுகள் இந்த இடத்தில்தான் சறுக்கினார்கள். ஒன்று, அப்பா எடுத்த மாதிரியே எடுத்துக் கடனாகி நிலத்தை விற்பார்கள். இல்லாவிட்டால் ஸ்டுடியோவை வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூர் போய்விடுவார்கள்.

இவர்கள் ‘முரட்டுக்காளை’ எடுத்தார்கள். 1980 டிசம்பர் 20. ரஜினி கிராமத்து ஆள், எதிரில் வில்லனாக ஜெய்சங்கர். அதுவரை துப்பறிந்து கதாநாயகியோடு ஆடிக்கொண்டிருந்த ஜெய்சங்கரை வில்லனாக்குகிறார்களே என்று எங்கள் ஆபீஸில் முதலாளிக்கே சந்தேகம். இயக்கம் எஸ்.பி.முத்துராமன், அதே ஸ்டுடியோவில் உதவி இயக்குநராக வளர்ந்தவர். கதை வசனம் பஞ்சு அருணாசலம், பாட்டு இளையராஜா.

நான் அப்போது ரெப், அதாவது விநியோகஸ்தர் சார்பில் கொட்டகை வசூலைக் கவனிக்கும் ஆள். உனக்கு ஞாபகம் இருக்கும், பிலிம் பெட்டியோடு பஸ்ஸில் போய் இறங்கி, கொட்டகையில் டிக்கெட் கட்டு நம்பரைக் குறித்துக்கொண்டு, கடைசி ஆட்டம் முடிந்ததும் டி.சி.ஆர். என்ற அன்றாட வசூல் அறிக்கையில் மேனேஜர் கையெழுத்து வாங்குவதுதான் வேலை. ‘முரட்டுக்காளை’ சென்னை, மதுரை எல்லாம் ஓடி முடித்துப் பரமக்குடி பக்கம் ஒரு டூரிங் கொட்டகைக்கு வந்தபோது நான்தான் கூடப் போனேன். ரயில் மேல் நடக்கும் சண்டை வரும் ரீலுக்கு முன்னால் பீடி குடிக்க வெளியே போனவனெல்லாம் உள்ளே ஓடி வருவான். மணல் குவித்து உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நிற்பார்கள், பின்னால் பெஞ்சுக்காரன் கெட்ட வார்த்தையில் திட்டுவான். ஒரு ராத்திரி அந்த ரீலைத் திரும்பப் போடச் சொல்லிக் கூட்டம் தகரத்தைத் தட்ட ஆரம்பித்துவிட்டது. ஆபரேட்டர் பயந்துபோய் இன்னொரு தடவை ஓட்டினார். நான் மெஷின் ரூம் வாசலில் நின்று வேண்டாம் வேண்டாம் என்று கத்துகிறேன். பிரிண்டில் கோடு விழுந்தால் ஆபீஸில் என் தலைதானே உருளும். யார் கேட்கிறார்கள்?

அதற்குப் பிறகு அவர்கள் பிடித்த தேதிகளைப் பார். 1982 பொங்கலுக்குப் ‘போக்கிரி ராஜா’, அதே வருஷம் ஆகஸ்ட் 14-ல் ‘சகலகலா வல்லவன்’, 1983 பொங்கலுக்குப் ‘பாயும் புலி’, தீபாவளிக்குத் ‘தூங்காதே தம்பி தூங்காதே’, 1984 தீபாவளிக்கு ‘நல்லவனுக்கு நல்லவன்’. எல்லாம் முத்துராமன்தான். ரஜினி, கமல் இரண்டு பேர் கால்ஷீட்டையும் வாங்கி, பண்டிகைத் தேதிக்குச் சொன்னபடி படத்தைக் கொடுப்பது என்ன லேசான காரியமா? நீ பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவன், உனக்கு இது தெரிய நியாயமில்லை. சாதாரணத் தயாரிப்பாளர் என்ன செய்வார் என்றால், பைனான்சியரிடம் வட்டிக்கு வாங்கிப் பூஜை போடுவார். நெகட்டிவ் மேல் கடன். ஏரியா ஏரியாவாக விநியோக உரிமையை விற்று வந்த அட்வான்ஸில் அடுத்த ஷெட்யூல். நடிகருக்கு ஜுரம் வந்தாலும் வட்டிக்கு ஜுரம் வராது. கடைசியில் கடன்காரர் எல்லாரும் சரி என்று சொன்னால்தான் லேபிலிருந்து பிரிண்ட் வெளியே வரும். வியாழக்கிழமை ராத்திரி எங்கள் ஆபீஸில் போன் பக்கத்திலேயே துண்டை விரித்துப் படுத்திருப்போம். ஒரு பெரிய நடிகர் படத்துக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை பெட்டி வரவில்லை. தியேட்டர் வாசலில் கல் விழுந்தது, எனக்கும் முதுகில் ஒன்று கிடைத்தது. ஏவிஎம் படம் என்றால் அந்த ராத்திரி நாங்கள் வீட்டில் தூங்கினோம். சொந்தத் தளம், சொந்தக் கருவிகள், சொந்த ரீரெக்கார்டிங் தியேட்டர் என்று வசதி இருந்தது உண்மை. வசதி இருந்தும் தேதி தவறிய ஸ்டுடியோ முதலாளிகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

இதைச் சொல்லிவிட்டு மற்றதை மறைக்கக் கூடாது. ‘சகலகலா வல்லவன்’ எனக்குப் பிடித்த படம் இல்லை. வசூல் கொட்டியது, ஒவ்வொரு புது வருஷத்துக்கும் அதில் வரும் ‘இளமை இதோ இதோ’ பாட்டுதான் இன்றைக்கும். ஆனால் தங்கையைக் கெடுத்தவனுக்கே தங்கையைக் கட்டிவைக்க அண்ணன் படாத பாடு படுகிறான், திமிர் பிடித்த பணக்காரப் பெண்ணை அடக்குகிறான். தமிழ் சினிமா அப்புறம் பல வருஷம் அந்தத் தடத்தில்தான் ஓடியது. அதில் இவர்களுக்குப் பங்கு இல்லை என்று சொல்ல முடியாது. விசித்திரம் என்னவென்றால், இரண்டே வருஷத்தில் அதே கம்பெனி பாரதிராஜாவை வைத்துப் ‘புதுமைப் பெண்’ எடுத்தது. ரேவதி வீட்டை விட்டுக் கிளம்பிப் போகும் படம். இதைப் பிராயச்சித்தம் என்பதா, வியாபாரம் என்பதா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

1986-ல் ‘சம்சாரம் அது மின்சாரம்’. பத்து வருஷத்துக்கும் மேலாக விசு கையில் இருந்த நாடகக் கதை அது, ஏற்கெனவே ஒரு தடவை படமாகவும் வந்தது. இன்னொருவராக இருந்தால் பழைய சரக்கு என்று திருப்பி அனுப்பியிருப்பார். சரவணன் சிரிக்க வைக்கிற மாதிரி ஒரு பாத்திரம் சேருங்கள் என்று கேட்டதாகவும், அப்படித்தான் மனோரமாவின் வேலைக்காரி கண்ணம்மா வந்ததாகவும் சொல்வார்கள். கோடு போட்டுப் பிரித்த வீட்டில் அப்பனும் மகனும் முறைத்துக்கொண்டு நிற்கும் கதை. கண்ணம்மா இல்லாமல் அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் நாம் அழுதே ஓய்ந்திருப்போம். நீயும் உன் வீட்டுக்காரம்மாவும் எங்களோடு வந்து பார்த்தீர்கள், இடைவேளையில் நீ கண்ணம்மா மாதிரியே பேசி அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாய். பெரிய நட்சத்திரம் கிடையாது, பெரும்பாலும் ஒரே வீட்டுக்குள் நடக்கிற படம். நல்ல பொழுதுபோக்குப் படம் என்று தேசிய விருதும் வாங்கியது. தயாரிப்பாளர் என்ன செய்தார் என்று கேட்டாயே, இந்த ஒரு வேலைக்காரி போதும் எனக்கு. ரஜினியை வைத்து ரயில் மேல் சண்டை எடுத்த அதே ஆள், இந்தக் கதைக்கு என்ன குறை என்பதையும் கண்டுபிடித்திருக்கிறார்.

அந்த வருஷமே சென்னை நகர ஷெரீப் என்ற கௌரவப் பதவிக்கு வந்தார் சரவணன். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பார். விழா மேடைப் படங்களில் நடிகரைத் தேடும்போது கண்ணில் படும் அந்த வெள்ளை உருவம்தான் அந்த மேடைக்கே செலவு செய்தவர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

‘எஜமான்’ முதல் ‘ஜெமினி’ வரை தாவிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் புத்தகமாகிவிடும். இடையில் 1997-ல் ‘மின்சார கனவு’ நான்கு தேசிய விருது வாங்கியதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். 2007-ல் மகன் குகனோடு சேர்ந்து ‘சிவாஜி’. ஷங்கர், ரஜினி, ரகுமான். அறுபது கோடி செலவு என்று அப்போது பேச்சு. அந்த ஜூன் 15-ம் தேதிக்குள் எங்கள் ஆபீஸ் கதவை அடைத்தாகிவிட்டது. நானும் டிக்கெட் வாங்கித்தான் பார்த்தேன், அதுவும் பிளாக்கில். 2009-ல் ‘அயன்’. அப்புறம் மெல்ல மெல்லப் படம் எடுப்பதைக் குறைத்து நிறுத்தினார்கள். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. ஜெமினி ஸ்டுடியோ போய்ப் பாலத்துக்குத்தான் அந்தப் பெயர் மிச்சம். வாஹினி இருந்த இடத்தில் ஆஸ்பத்திரியும் மாலும். ஏவிஎம் வளாகத்திலும் ஒரு பகுதி அடுக்குமாடி வீடாகிவிட்டது. ஆனால் கடன்காரன் வந்து பூட்டுப் போட்டு அவர்கள் நிறுத்தவில்லை. நடிகர் சம்பளம் படச் செலவில் பாதியைத் தாண்டும் காலம் வந்ததும், இது நம் கணக்குக்கு ஒத்துவராது என்று தாங்களாகவே ஒதுங்கிவிட்டார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். 2022-ல் ‘தமிழ் ராக்கர்ஸ்’ என்று வெப் சீரிஸ் எடுத்தார்கள். மறு வருஷம் பழைய கேமரா, கார் எல்லாவற்றையும் வைத்து ஸ்டுடியோவிலேயே ஒரு மியூசியம் திறந்தார்கள். நான் சென்னைக்கு வரும்போது இரண்டு பேருமாகப் போய்ப் பார்க்கலாம்.

சரி, உன் இளையவன் விஷயம். வேலையை விட்டுவிட்டுப் படம் தயாரிக்கிறேன் என்கிறான், திருமங்கலம் பிளாட்டை விற்றுக் கொடு என்கிறான். உனக்குத் தூக்கம் வராததில் ஆச்சரியமில்லை. நான் வேண்டாம் என்று சொல்வேன் என்று எதிர்பார்த்துத்தான் எழுதியிருக்கிறாய். அவன் ஆர்வத்தைக் கெடுக்க எனக்கு மனசில்லை. ஆனால் பிளாட்டை விற்காதே. எங்கள் காலத்தில் ஏரியா ஏரியாவாக விற்றுப் பாதிப் பணமாவது முன்கூட்டி வந்துவிடும். இப்போது பெட்டியும் இல்லை, ரெப்பும் இல்லை. பெரிய ஆள் நடிக்காத படத்துக்குத் தியேட்டர் கிடைப்பதே கஷ்டம், ஓடிடிக்காரர்களும் படம் ஓடியதைப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுகிறார்கள் என்று இங்கே தொழிலில் மிச்சமிருக்கும் இரண்டு பேர் சொன்னார்கள். முதலில் ஒரு நல்ல கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜரிடம் உதவியாளாக இரண்டு வருஷம் இருக்கட்டும். லைட்மேன் பேட்டாவிலிருந்து ஜெனரேட்டர் டீசல் வரை கணக்கு எழுதட்டும். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், எனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன்.

பொங்கலுக்குப் பிறகு என் பேத்திக்குக் காதுகுத்து வைத்திருக்கிறோம். பத்திரிகை தனியாக வரும். நீயும் உன் வீட்டுக்காரம்மாவும் இளையவனும் முதல் நாளே வந்துவிடுங்கள். வைகையில் வந்தால் ராத்திரிதான் இறங்குவீர்கள், ஸ்டேஷனுக்கு நானே ஆட்டோவோடு வருகிறேன். அவனிடம் பட்ஜெட் எழுதிய தாளையும் கையோடு எடுத்து வரச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பங்காளி