16 வயது நிறைந்தவர்களுக்கு ஊராட்சித் தேர்தலில் வாக்குரிமை கேட்டு சேலம் மாவட்ட ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்
முன்னாள் ஊராட்சி வார்டு உறுப்பினர்,
சேர்வராயன் மலைக்கிராமம்,
ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சேலம்.

நாள்: 18.08.2025

பொருள்: ஊராட்சித் தேர்தலில் வாக்களிக்கும் வயதை 16 ஆகக் குறைக்க அரசுக்குப் பரிந்துரைக்கவும், அதுவரை கிராம சபையில் 16, 17 வயதினர் பேச வழி செய்யவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏற்காடு மலையில் இரண்டு ஏக்கரில் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் விவசாயி நான். 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் வார்டு உறுப்பினராக ஜெயித்து, 2025 ஜனவரி 5 வரை அந்தப் பொறுப்பில் இருந்தேன். திங்கட்கிழமை மனு நாளுக்கு நான் வருவது இது முதல் முறை அல்ல. பட்டாவுக்கு வந்திருக்கிறேன், குடிநீர்க் குழாய்க்கு வந்திருக்கிறேன். இந்த முறை ஓட்டு கேட்டு வந்திருக்கிறேன். எங்கள் ஊரில் பதினொன்றாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகளுக்காக.

2023 அக்டோபர் 2 கிராம சபையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் ஒரு பெண் அப்போது பதினொன்றாம் வகுப்பு. வயது 16. கையில் ஒரு நாற்பது பக்க நோட்டோடு கூட்டத்துக்கு வந்தாள். அட்டையில் 'கணக்கு' என்று இருந்ததை அடித்துவிட்டு 'பஸ்' என்று எழுதியிருந்தாள். உள்ளே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நான்கு கட்டம்: தேதி, பஸ் வர வேண்டிய நேரம், வந்த நேரம், ஏற முடியாமல் நின்றவர்கள் எத்தனை பேர். 23 நாள் கணக்கு. சில நாளுக்கு நேராக 'வரவில்லை' என்று இருந்தது. ஒரு நாளுக்கு நேராக, 'காட்டெருமை ரோட்டில் நின்றது, 40 நிமிடம் காத்திருந்தோம்'. பள்ளியில் சிறப்பு வகுப்பு முடிவதற்குள் சாயங்கால பஸ் போய்விடுகிறது. அடுத்த பஸ்ஸுக்கு நின்றால் இருட்டிவிடுகிறது. எஸ்டேட் வழியாக நடந்தால் காட்டெருமை. இதைத்தான் அந்தப் பிள்ளை சொல்ல வந்தாள்.

எழுந்து இரண்டு வாக்கியம் பேசியிருப்பாள். கூட்டத்தை நடத்தியவர், "உன் பேரு வாக்காளர் பட்டியல்ல இருக்காம்மா?" என்று கேட்டார். இல்லை என்றாள். "அப்ப அம்மாவைச் சொல்லச் சொல்லு" என்றார். சட்டப்படி அவர் சொன்னதில் பிழை இல்லை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் கிராம சபை. அவளுடைய அம்மா வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து நின்றார். காப்பித் தோட்டத்தில் நாள் முழுக்க நிற்கிற அவருக்குப் பள்ளிக்கூட பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, போகிறது என்று எப்படித் தெரியும்? "பஸ்ஸு சரியா வர்றதில்லீங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். தீர்மானத்தில் 'பேருந்து வசதி வேண்டும்' என்று ஒரே வரி ஏறியது. சில மாதம் கழித்துப் பதில் வந்தது: 'மேற்படி வழித்தடத்தில் பேருந்து இயக்கப்பட்டு வருகிறது.' அவ்வளவுதான். 23 நாள் கணக்கு நோட்டிலேயே இருந்துவிட்டது. நான் முன் வரிசையில் உறுப்பினராக உட்கார்ந்திருந்தேன். அந்த நோட்டை வாங்கி நானாவது படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை. இந்த மனுவை எழுத உட்கார்ந்ததற்கு அதுவே முதல் காரணம்.

ஓட்டு இல்லாதவர் சொல்லை நின்று கேட்கிறவர் குறைவு. வார்டில் ஓட்டுக் கேட்டு நடந்தவள் என்ற முறையில் இதைத் தெரிந்துதான் சொல்கிறேன். பிரசாரத்தில் எந்த வீட்டில் எத்தனை ஓட்டு என்று எண்ணித்தான் வாசலில் நிற்போம். எங்கள் வார்டு மாதிரிச் சின்ன வார்டில் ஏழெட்டு ஓட்டு ஜெயிப்பைத் தீர்மானித்துவிடும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் ஓட்டு இருந்திருந்தால், அந்த பஸ் நேரத்தை எனக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியிருந்திருக்காது.

18 ஆனால் தானாக வந்துவிடுமே, இரண்டு வருஷம் பொறுக்கக் கூடாதா என்று கேட்கலாம். சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் அது சரி. உள்ளாட்சியில் அப்படி நடப்பதில்லை. என் அக்கா மகன் 1994 ஜனவரியில் பிறந்தவன். 2011 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது அவனுக்கு 18 ஆக மூன்று மாதம் பாக்கி. அடுத்தது 2016-இல் வந்திருக்க வேண்டும்; தள்ளித் தள்ளி 2019 டிசம்பரில் வந்தது. தன் ஊராட்சிக்கு அவன் முதல் ஓட்டுப் போட்டபோது வயது கிட்டத்தட்ட 26. கல்யாணம் ஆகி ஒரு குழந்தையும் பிறந்துவிட்டது. இப்போதும் அதே கதைதான். ஜனவரியில் எங்கள் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் கையில் ஊராட்சி இருக்கிறது. 2019-இல் 17 வயதாக இருந்த பிள்ளைகள் இன்று 22, 23 வயதில், இன்னும் ஒரு முறைகூடத் தங்கள் வார்டுக்கு ஓட்டுப் போடாமல் இருக்கிறார்கள்.

இதைத் தாங்கள் கையெழுத்துப் போட்டு மாற்ற முடியாது என்பது எனக்குத் தெரியும். அரசியலமைப்பின் 326-ஆம் பிரிவு மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் வாக்களிக்கும் வயதைச் சொல்கிறது. முதலில் 21 என்று இருந்தது. 61-ஆவது திருத்தம் 1989 மார்ச் 28 முதல் அதை 18 ஆக்கியது. அந்த வருஷம் நவம்பரில் நடந்த மக்களவைத் தேர்தலில் எனக்கு வயது 19. அந்தத் திருத்தம் வராமல் இருந்திருந்தால் எனக்கு அன்று ஓட்டு இல்லை. ஆனால் 326-ஆம் பிரிவு ஊராட்சித் தேர்தலைப் பற்றிப் பேசவில்லை. ஊராட்சி நடப்பது 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி. அது நம் சட்டமன்றம் போட்ட சட்டம், பல முறை திருத்திய சட்டம். 2016-இல் பெண்களுக்கு 50 சதவீதம் என்று திருத்தினார்கள். அந்தக் கதவு வழியாக உள்ளே வந்தவர்களில் நானும் ஒருத்தி. இந்த ஏப்ரலில் மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சிகளில் நியமன உறுப்பினர்களாக்க மசோதா நிறைவேறியது. அதே சட்டத்தில் வாக்காளர் வயதையும் 16 ஆக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். போட்டியிடும் வயது 21 அப்படியே இருக்கட்டும்.

ஊர் அளவில் தொடங்குவது புதிதும் அல்ல. ஆஸ்திரியாவில் சில மாகாணங்கள் உள்ளாட்சித் தேர்தலில் 16 வயதுக்கு ஓட்டுக் கொடுத்துப் பார்த்த பிறகுதான், 2007-இல் நாடு முழுக்க எல்லாத் தேர்தலுக்கும் அதை வைத்தார்கள். ஸ்காட்லாந்தில் 2014 பொது வாக்கெடுப்பில் 16, 17 வயதினர் ஓட்டுப் போட்டார்கள். அடுத்த வருஷமே தங்கள் நாடாளுமன்றத்துக்கும் உள்ளாட்சிக்கும் அதை நிரந்தரமாக்கினார்கள். பிரேசிலில் 1988 முதல் இருக்கிறது. அங்கே 16, 17-க்கு விருப்பம் இருந்தால் போடலாம். போன மாதம் பிரிட்டன் அரசும் 16 ஆக்கப் போவதாக அறிவித்தது.

ஊரில் இதைச் சொன்னபோது முதலில் வந்த பேச்சு, "அதுங்களுக்கு என்ன தெரியும், அப்பன் சொல்ற சின்னத்துல குத்தும்" என்பது. இதே பேச்சு எனக்கு 19 வயதில் விழுந்தது. பெண் என்பதற்காக 2019-இலும் விழுந்தது. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்த என் தாத்தா காலத்தில் சொத்து, வரி, படிப்பு பார்த்துத்தான் ஓட்டு. அவர் முதன்முதலாக ஓட்டுப் போட்டது 1952-இல், வேட்பாளருக்கு ஒரு பெட்டி என்று சின்னம் ஒட்டி வைத்திருந்த காலத்தில். படிக்கத் தெரியாதவன் எப்படிப் போடுவான் என்றார்கள். போட்டார்.

காசு கொடுத்துப் பிள்ளைகளையும் கெடுத்துவிடுவார்களே என்ற பயம் எனக்கும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் காசு வாங்குவது வயதால் வருவதில்லை. எங்கள் ஊரில் யார் வாங்கினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், அதில் பள்ளிப் பிள்ளை யாரும் இல்லை. பள்ளிக்கூட வாசலுக்குள் கட்சிக்காரர் யாரும் பிரசாரத்துக்கு வரக் கூடாது என்று விதி கடுமையாக இருக்க வேண்டும். அதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

இன்னொன்றையும் தாங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். 14 முடிந்த பிள்ளையை ஆபத்தில்லாத வேலைக்கு வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. நவம்பரில் பழம் பறிப்பு தொடங்கினால் லீவு நாளில் கூடையோடு போகும் பிள்ளைகளை மலையில் பார்க்கலாம். 16 ஆனவன் கொடுங்குற்றம் செய்தால், பெரியவனாக வைத்து விசாரிக்கலாமா என்று பார்க்க 2015 இளைஞர் நீதிச் சட்டம் வழி வைத்திருக்கிறது. குற்றத்துக்குப் பொறுப்பாக்க 16 போதும் என்கிறோம். தன் தெரு விளக்கைப் பற்றிச் சொல்ல மட்டும் 18 ஆக வேண்டுமாம். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆகவே, தாங்கள் மூன்று காரியம் செய்து தர வேண்டும். இந்த மனுவைத் தங்கள் பரிந்துரையோடு ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறைக்கும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் அனுப்பி வையுங்கள். அடுத்த தேர்தலுக்கு முன்பே இது பேசப்பட வேண்டும்.

அப்புறம், சட்டம் மாறும் வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று. வருகிற அக்டோபர் 2 கிராம சபையிலேயே, ஏற்காடு ஒன்றியத்து ஊராட்சிகளில் 16, 17 வயதுப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பேச விடும்படி தனி அலுவலர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். தீர்மானத்துக்குக் கை தூக்க வேண்டாம். அவர்கள் கொண்டுவரும் தாளையும் நோட்டையும் வாங்கித் தீர்மானப் புத்தகத்தோடு இணைத்தால் போதும்.

மூன்றாவது, 17 முடிந்தவர்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுக்கலாம் என்று தேர்தல் ஆணையம் 2022-இல் வசதி செய்தது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று வருஷத்துக்கு நான்கு தகுதி நாளும் இருக்கிறது. மலையில் பல வீட்டுக்கு இது தெரியாது. ஆதாரில் ஒரு எழுத்து, பள்ளிச் சான்றிதழில் ஒரு எழுத்து என்று பெயர் மாறி இருப்பதைத் திருத்தவே இரண்டு மூன்று முறை கீழே இறங்கி வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகிறது. பட்டியல் திருத்தமும் ஆதார் திருத்தமும் ஒரே இடத்தில் நடக்கும்படி மலையிலேயே ஒரு முகாம் வையுங்கள். பள்ளிகளில் வைத்தால் இன்னும் நல்லது. ஏற்காடு பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. தமிழ்நாட்டில் அப்படி இருப்பதே இரண்டு தொகுதிதான். அந்தத் தொகுதியில் 18 ஆன ஒரு பிள்ளையும் பெயர் விட்டுப்போய் நிற்கக் கூடாது.

நான் சொன்ன அந்தப் பெண்ணுக்கு இப்போது 18 ஆகிவிட்டது. சேலத்தில் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அவள் தம்பி பத்தாவது முடித்து அதே பள்ளியில் பதினொன்றாவது சேர்ந்திருக்கிறான். சாயங்கால பஸ் நேரம் மாறவில்லை. அக்காவின் நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் ஜூன் மாதத்திலிருந்து அவன் எழுதி வருகிறான். அந்தப் பக்கங்களின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் வார்டு உறுப்பினர்,
ஏற்காடு வட்டம்.

இணைப்பு: பேருந்து நேரக் குறிப்பு நோட்டின் நகல்.