தரகரிடம் மட்டும் சொல்லாத சந்தேகம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு வாங்க வருகிறவர்கள் வாக்கில் நிற்பதில்லை, மாதக்கணக்கில் அலையவிட்டுவிட்டுக் கடைசியில் வேறொருவர் மூலம் முடித்துக்கொள்கிறார்கள் என்று தரகர் ஒருவர் மனம் நொந்து எழுதிய கடிதத்தை உங்கள் நாளிதழில் படித்தேன். நானும் அதே தொழில்தான் செய்கிறேன். என் பிள்ளைகள் படித்ததே இந்தத் தரகுப் பணத்தில்தான். அவர் பட்ட அலைச்சலும் எரிச்சலும் எனக்குப் புதிதல்ல. இருந்தாலும் அவருடைய கோபம் பாதிதான் நியாயம் என்று தோன்றுகிறது.

வாடிக்கையாளர் நம்மை விட்டுப் போவது ஒரு குறை, முன்பணம் கொடுக்கும் நேரத்தில் மனம் மாறுவது இன்னொரு குறை என்று அவர் இரண்டையும் தனித்தனியாக எழுதியிருந்தார். நான் பார்த்த வரையில் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். வாங்குகிறவர் தன் சந்தேகத்தை ஊரில் உள்ள எல்லாரிடமும் சொல்கிறார், தரகரிடம் மட்டும் சொல்வதில்லை.

மனம் ஆடத் தொடங்கினால் அது முதலில் போனில்தான் தெரியும். அதுவரை நேரம் காலம் பார்க்காமல் கூப்பிட்டு, "மேடம், கிச்சன் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கு, மறந்துட்டேன்" என்று கேட்டவர், இப்போது நாம் கூப்பிட்டால் எடுக்கமாட்டார். மெசேஜைப் பார்த்திருப்பார், பதில் வராது. அப்புறம் "வீட்டில கொஞ்சம் வேலை, அடுத்த வாரம் பேசலாம்" என்று ஒரு வரி வரும். வேலை ஒன்றும் இருக்காது. மச்சினர் ஒருவர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த விலைக்கா?" என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். வீடு வாங்குகிற ஒவ்வொரு குடும்பத்திலும் அப்படி ஒரு மச்சினர் இருக்கிறார். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. அவர் கேட்பது பல சமயம் நியாயமான கேள்விதான், கேட்கிற நேரம்தான் தப்பு.

மச்சினரைவிட அதிகம் கலக்குவது வங்கி கொடுக்கும் தவணை அட்டவணை. மாதம் எவ்வளவு என்று மட்டுமே மனதில் வைத்திருந்தவர், அந்தத் தாளின் கடைசி வரியில் மொத்தத் தொகையைப் பார்க்கும்போது ஆடிப்போவார். 9 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்றால், வட்டி மாறாமலே இருந்தாலும், கட்டி முடிக்கும்போது வாங்கிய கடனைப்போல் ஏறக்குறைய 2.16 மடங்கு கட்டியிருப்போம். முதல் தவணையில் நூற்றுக்கு 83 ரூபாய் வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 17 தான். இது எந்த வங்கியும் செய்கிற மோசடி அல்ல, தவணைக் கணக்கே அப்படித்தான். ஆனால் இந்தத் தாள் அவர் கைக்கு வருவது எப்போது? வீட்டைப் பார்த்து, பிடித்து, விலை பேசி, பிள்ளைகளுக்கு அறை பிரித்துக் கொடுத்த பிறகு. கை நடுங்கத்தான் செய்யும். முதல் சந்திப்பிலேயே இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும் தரகர்கள் குறைவு, வந்த ஆள் ஓடிவிடுவாரோ என்ற பயம்.

முடிவெடுத்த பிறகு வரும் கலக்கம் வீட்டுக்கு மட்டும் உரியதும் அல்ல. எலெய்ன் வால்ஸ்டர் என்ற உளவியலாளர் அமெரிக்க ராணுவத்தில் கட்டாயச் சேவைக்கு வந்த இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 1964இல் வெளியிட்டார். இரண்டு வேலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதற்குப் பிறகு வெவ்வேறு இடைவெளிகளில் அந்த வேலைகளை மதிப்பிடச் சொன்னார்கள். 4 நிமிடம் கழித்துக் கேட்கப்பட்டவர்களுக்குத் தாங்கள் தேர்ந்தெடுத்த வேலையின் மேல் மதிப்புக் குறைந்திருந்தது, விட்டுவிட்டது நல்லதாகத் தெரிந்தது. 15 நிமிடம் கழித்துக் கேட்கப்பட்டவர்களுக்கோ தேர்ந்தெடுத்ததே உசத்தியாகிவிட்டது. வீடு வாங்குகிறவருக்கு நிமிடக் கணக்கு பொருந்தாது, நாள் கணக்கில் இழுக்கும். ஆனால் முதலில் வருத்தம், பிறகு சமாதானம் என்ற அந்த வரிசையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம் தானாக அடங்கக்கூடியது என்று தெரிந்தால் தரகர் பதறிப்போய் நச்சரிக்கமாட்டார். நச்சரித்தால்தான் ஆள் நிஜமாகவே ஓடுவார்.

சரி, எல்லாக் கலக்கமும் தானாக அடங்கிவிடுமா என்றால் இல்லை. காரணத்தோடு வருகிற சந்தேகமும் உண்டு. ஒரு தம்பதிக்கு மாடியோடு கூடிய வீடு ஒன்று பிடித்துப்போய், ஒப்பந்தம் எழுதும் கட்டம் வரை வந்துவிட்டது. அந்த நேரத்தில் கணவர் விலை அதிகம் என்று இழுத்தடித்தார். உரிமையாளரிடம் பேசி விலையைக் குறைத்துக்கொண்டு வந்தேன், அப்போதும் இழுத்தார். மறுபடி வீட்டைப் பார்க்கலாம் என்று இருவரையும் கூட்டிப்போய், விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், எந்த அறையில் யார் படுப்பீர்கள் என்று கேட்டேன். கணவர் மளமளவென்று சொல்லிக்கொண்டே வந்தார். கீழே இருந்த சின்ன அறைக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். அது அவர் அம்மாவுக்கு. அந்தத் தளத்தில் கழிப்பறை, பின்கதவைத் தாண்டி இரண்டு படி இறங்கினால்தான். "அம்மா ராத்திரியில ரெண்டு மூணு தடவை எழுந்திருப்பாங்க" என்று மனைவி மெதுவாகச் சொன்னார். விலைக்கும் தயக்கத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இதை அவர்கள் எனக்கு முன்பே இன்னொரு தரகரிடமும், எதிர்வீட்டுக்காரரிடமும் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "உங்ககிட்ட சொன்னா ஏதாவது சமாதானம் சொல்லி வாங்க வெச்சிடுவீங்களோன்னு பயந்தோம்." எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவர் இடத்தில் இருந்து பார்த்தால் அது சரிதானே? வீடு முடிந்தால் எனக்குப் பணம், முடியாவிட்டால் ஒன்றும் இல்லை. அப்படி இருக்கும்போது "கவலைப்படாதீங்க, எல்லாம் நல்லதுதான்" என்று நான் சொல்லும் வார்த்தைக்கு அவர் என்ன மதிப்புக் கொடுப்பார்? இந்த வீட்டில் லாபம் இல்லாத ஒருவரைத் தேடித்தான் போவார். அந்த ஆளும் தரகராக இருந்துவிட்டால், அவரிடம் வேறு வீடு ஒன்று இருந்துவிட்டால், அப்புறம் நடப்பதைத்தான் உங்கள் நாளிதழில் கடிதம் எழுதிய அந்த அன்பர் துரோகம் என்கிறார்.

எங்கள் கூலி முறையே வாடிக்கையாளரின் வாயை அடைக்கிறது என்பதுதான் நான் சொல்ல வருவது. வேலை முழுக்க நடுவில் நடக்கிறது. பத்துப் பதினைந்து வீடு காட்டுவது, பத்திரங்களைப் பார்ப்பது, வில்லங்கம் இருக்கிறதா என்று விசாரிப்பது, விலை பேசுவது எல்லாம் நடுவில்தான். கூலி மட்டும் கடைசியில், அதுவும் கையெழுத்து விழுந்தால்தான். ஒரு வீட்டில் ஏதோ இடிக்கிறது, வேண்டாம் என்று நானே தடுத்தால், அந்த நல்ல வேலைக்கு எனக்குக் கிடைப்பது பூஜ்யம். இதை வைத்துக்கொண்டு விசுவாசத்தை எதிர்பார்ப்பது நமக்கே கொஞ்சம் அதிகமாகத் தெரிய வேண்டாமா?

நான் இப்போது செய்வது இதுதான். முதல் சந்திப்பிலேயே ஒரு பக்கத் தாள். நான் என்னென்ன வேலை செய்வேன், எத்தனை மாதத்துக்கு, வீடு முடிந்தால் எவ்வளவு, யார் தரவேண்டும், விலக நினைத்தால் எப்படி விலகலாம் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுகிறோம். ஆவணம் பார்ப்பதற்கும் விசாரிப்பதற்கும் ஒரு சின்னக் கட்டணத்தை முதலிலேயே வாங்கிக்கொள்கிறேன். வீடு முடிந்தால் அதைத் தரகில் கழித்துவிடுவேன், முடியாவிட்டால் அது அந்த வேலைக்கான கூலி. இதைக் கேட்டதும் சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். போகட்டும். முதல் நாளில் போகிறவரால் எனக்கு ஒரு மணி நேரம்தான் நஷ்டம். இருக்கிறவர்கள் வித்தியாசமாகப் பேசுகிறார்கள். "இந்த வீடு வேண்டாம்னு தோணுது, ஏன்னு தெரியல" என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். முன்பெல்லாம் அந்த வார்த்தை என் காதுக்கு வரவே வராது.

எழுதி வைப்பது வெளிநாட்டிலும் வழக்கத்துக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் தரகர் சங்கத்தின் மேல் போடப்பட்ட வழக்குகள் சமரசத்தில் முடிந்த பிறகு, 2024 ஆகஸ்ட் 17 முதல், விற்பனைக்கு வரும் வீடுகளைத் தரகர்கள் பகிர்ந்துகொள்ளும் அவர்களின் பொதுப் பட்டியலைப் பயன்படுத்தும் தரகர், வாங்குகிறவருக்கு வீடு காட்டும் முன்பே எழுத்து ஒப்பந்தம் போட்டாக வேண்டும், கூலி எவ்வளவு என்பதும் அதில் இருக்க வேண்டும். அங்கேயும் தரகர்கள் முதலில் முணுமுணுத்தார்கள்.

மனம் மாறுவதற்கும் சில இடங்களில் சட்டமே இடம் கொடுக்கிறது. பிரான்சில் குடியிருக்க வீடு வாங்கும் தனிநபர் ஒப்பந்தம் போட்ட பிறகும் 10 நாளுக்குள் காரணம் சொல்லாமல் பின்வாங்கலாம். முன்பு 7 நாளாக இருந்ததை 2015இல் கூட்டினார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2023 ஜனவரி 3 முதல் 3 வேலை நாள் அவகாசம், ஆனால் பின்வாங்கினால் விலையில் 0.25 சதவீதத்தை விற்பவருக்குக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டாவது முறை எனக்குப் பிடித்திருக்கிறது. விற்கிறவரும் மனிதர்தானே, அவரும் வேறு ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் காத்திருக்கிறார். மனம் மாறும் உரிமையும் இருக்கட்டும், அதற்கு ஒரு சின்ன விலையும் இருக்கட்டும். சட்டம் வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை, முன்பண ரசீதிலேயே இத்தனை நாளுக்குள் விலகினால் இவ்வளவு பிடித்துக்கொண்டு மீதி திரும்பும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரி இல்லாததால்தான் முன்பணத்தை மொத்தமாக இழப்பதா, பிடிக்காத வீட்டில் காலம் தள்ளுவதா என்று ஆட்கள் தூக்கம் கெட்டுக் கிடக்கிறார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் வாங்குகிறவர் பக்கம் ஒரேயடியாகச் சாய்ந்துவிட்டேன் என்பார்கள். தரகர் காட்டிய வீட்டையே, தரகை மிச்சம் பிடிக்க உரிமையாளரிடம் நேராகப் போய்ப் பின்பக்கமாக முடிக்கிற ஆட்களும் உண்டு. அது மனமாற்றம் இல்லை, கூலியைத் திருடுவது. பல சமயம் உரிமையாளரும் அதற்கு உடந்தை. அவர்கள் மேல் அந்த அன்பருக்கு இருக்கும் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதற்கும் அந்த ஒரு பக்கத் தாள்தான் மருந்து, எந்தெந்த வீடுகளைக் காட்டினேன் என்ற பட்டியலில் தேதியோடு அவர் கையெழுத்து இருக்கும்.

அந்த அன்பருக்கு ஒரு வேண்டுகோள். கடைசி நேரத்தில் விட்டுப்போன உங்கள் வாடிக்கையாளரை ஒரு தடவை கூப்பிடுங்கள். கமிஷன் பேச்சையே எடுக்காமல், அந்த வீட்டில் என்ன இடித்தது என்று மட்டும் கேளுங்கள். அவர் சொன்னதை இதே பகுதியில் எழுதினால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வீட்டுத் தரகு வேலையில் இருக்கும் வாசகி ஒருத்தி